காகத்துக்கு வைத்த சோறும் எட்டு முட்டைகளும்

நோர்வேயில், மோர்டென்ஸ்ருட் என்ற இடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு. மனைவி இருந்தவரை சனிக்கிழமை விரதத்துக்குச் சமைத்து, முதல் பிடியைக் காட்டோரத்துப் பாறையில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் எனக்குச் சோறு போடுவாள். பக்கத்து வீட்டு நோர்வேக்காரி பார்க்கிறாளே என்று எனக்கு மானம் போகும். மனைவி கண்மூடி இரண்டு வருடமாக அந்தச் சோற்றை நான் வைக்கிறேன். கூப்பிட வெட்கம், பேசாமல் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவள் இருந்தபோது கூப்பிட்டதுபோல் "இஞ்சேரும்" என்று வாய்விட்டு அவளோடு ஒரு வார்த்தை கதைக்கவும் எனக்கு வரவில்லை. அவளுக்கென்று நான் செய்துகொண்டிருந்த ஒரே காரியம் அந்தப் பிடி சோறுதான்.

இந்த வருடம் ஏப்ரல் கடைசியில், காலை நடைக்குப் போன என்னை மறித்துக்கொண்டு பாதையில் ஒரு தியூர் நின்றது. வான்கோழிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி ஒரு காட்டுப் பறவை. கறுப்பு, கண்ணுக்கு மேலே சிவப்பு. வாலை விரித்து, கழுத்தை வானத்துக்கு நீட்டி, தொண்டைக்குள் டொக் டொக் என்றது. பிறகு போத்தல் தக்கை கழன்றதுபோல் ஒரு சத்தம். எதிரே மூன்று பழுப்புப் பேடுகள் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. பெண் பார்க்கப் போன இடத்தில் நானும் இப்படித்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்; அவளும் தேநீர்த் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேவலுக்கு என்னைக் கண்டதும் கோபம். இறக்கையை அடித்துக்கொண்டு முழங்காலுக்குப் பாய்ந்தது. எடுத்தேன் ஓட்டம்.

பக்கத்து வீட்டுக்காரி நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். வசந்தத்தில் சேவலுக்கு அப்படித்தான் பைத்தியம் பிடிக்கும் என்றாள். "ஆனால் கூடியதோடு அவன் வேலை முடிந்தது. அடைகிடப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அவள் தலையில்." சொல்லிவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். அதிலும் நியாயம் இருந்தது.

மே மாதம் ஒரு பேடு எங்கள் பாறைக்குக் கிட்ட, ஒரு மரத்தடியில் கூடு வைத்தது. கூடு என்ன கூடு, தரையில் ஒரு சின்னக் குழி. பேடு இரைக்கு எழும்பிப்போன நேரம் தூர நின்று எட்டிப் பார்த்தேன். எட்டு முட்டை. பேடு திரும்பி வந்து படுத்தால் காய்ந்த சருகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எட்டும் பொரிக்கவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது பட்ட அதே தவிப்பு.

அந்தச் சனிக்கிழமையும் வழக்கம்போல் சோறு வைத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்துப் போனால், பாறையில் பருக்கைகளுக்கு நடுவே ஒரு முட்டைக் கோது, ஒரு பக்கம் ஓட்டையோடு. மேலே கிளையில் ஆறேழு சாம்பல் காகங்கள் அடுத்த பந்திக்குக் காத்திருந்தன. அவற்றை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவன் நான்.

மகளுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மாவுக்கு வைக்கிறதை எப்பிடிப் பிள்ளை நிப்பாட்டுறது?"

"நிப்பாட்ட வேண்டாம் அப்பா. வேறை இடத்திலை கொண்டுபோய் வையுங்கோ. அம்மா இருந்தாலும் அந்தப் பேட்டைத்தான் பாவம் பாத்திருப்பா."

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். அடுத்த சனி சோற்றுப் பெட்டியோடு பஸ் ஏறி ஹொல்ம்லியாப் பக்கக் கடற்கரைக்குப் போனேன். ஒரு காகம்கூட வரவில்லை. வெள்ளைக் கடற்காகங்கள்தான் சண்டை பிடித்துத் தின்றன. மனைவியின் பங்கை யாரோ தட்டிப்பறித்ததுபோல் எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்தால், வெறும் பாறையைச் சுற்றிக் காகங்கள் என்னைத் திட்டித் தீர்த்தன. நானும் விடவில்லை, பதிலுக்குத் திட்டினேன். இன்னும் இரண்டு சனி அப்படியே போனது. பிறகு காகங்கள் பாறையை மறந்துவிட்டன.

ஜூனில் ஒரு சனி, பெட்டியோடு பஸ்ஸுக்கு இறங்குகிறேன், பாதையில் அந்தப் பேடு. கழுத்தை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்து, மெல்லக் கொக் கொக் என்றது. பற்றைக்குள்ளிருந்து மஞ்சள் உருண்டைகளாகக் குஞ்சுகள் வந்தன. இரண்டு தரம் எண்ணினேன், ஏழு. கடைசிக் குஞ்சு ஒரு வேரில் தடக்கி விழுந்து எழும்பியது. அது போய்ச் சேரும்வரை நான் அசையவில்லை. பஸ் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி நாயைப் பிடித்துக்கொண்டு தன் வாசலில் நின்றாள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு வாய் திறந்து, சத்தமாகவே சொன்னேன்:

"இஞ்சேரும், ஏழும் தப்பிட்டுது."