ஊன்றுகோலில் ஒட்டிய நீல நாடா

அக்காவின் ஊன்றுகோலில், நிலத்திலிருந்து முப்பத்தெட்டு சென்ரிமீற்றர் உயரத்தில், நீல நிற நாடா ஒன்று சுற்றியிருக்கும். வயர் வேலைக்குப் பயன்படுத்தும் சாதாரண நாடாதான். சுற்றியவர் அத்தான். எதற்கென்று அவர் எனக்குச் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம். நான் அப்போது வண்டிகளின் எடைகளைக் குறிக்கும் என் கொப்பியில் மும்முரமாக இருந்தேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, வசந்தத்தின் தொடக்கத்தில், அத்தான் சட்டனில் யாரிடமோ காரின் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் பழைய கரவன் வீடு ஒன்றை வாங்கினார். அக்காவின் சிறுநீரகங்கள் செயலிழந்து ஒரு வருடமாகியிருந்தது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக நாளுக்கு நான்கு முறை திரவம் ஏற்றி இறக்க வேண்டும். அதற்குச் சுத்தமான, கதவு பூட்டக்கூடிய இடம் வேண்டும். நோர்போக்கில் நடக்கும் மாதா திருவிழாவுக்கு இருபது வருடம் தவறாமல் போன அக்கா, அந்த முறையும் போக ஆசைப்பட்டார். அங்கே எல்லோரும் தங்கும் கூடாரத்துக்குள் திரவம் மாற்ற முடியாது. அதனால்தான் கரவன். அதை இழுக்க எங்களிடம் வண்டி இல்லை.

லண்டனின் வடமேற்கில் ரெய்னர்ஸ் லேனிலிருந்து நான் சனிக்கிழமைதோறும், தெற்கே அவர்கள் வீடு இருந்த சட்டனுக்குப் போவேன். இருவரும் பழைய வண்டி விற்கும் இடங்களைச் சுற்றுவோம். ஏற்றிய கரவனின் எடை, இழுக்கும் வண்டியின் எடையில் எண்பத்தைந்து வீதத்தைத் தாண்டாமலிருப்பது நல்லது என்று படித்திருந்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வண்டியின் எடை, இழுவை வரம்பு, கரவனை மாட்டும் கொழுவியின் மேல் விழக்கூடிய பாரம் எல்லாவற்றையும் நிரல் போட்டு எழுதினேன். நான் குனிந்து கதவோரத் தகட்டைப் படிக்கும்போது, அத்தான் முன் கதவைத் திறந்து, கையோடு கொண்டுவந்த அக்காவின் ஊன்றுகோலை நிலத்தில் நிறுத்திப் பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார்.

நான்காவது சனிக்கிழமை ஒரு பிக்கப் கிடைத்தது. என் நிரல்கள் எல்லாவற்றிலும் தேறிய வண்டி. எங்கள் கரவனைப் போல் இரண்டை இழுக்கும். அத்தான் தடியை வைத்தார். நாடா வாசலுக்கு ஒரு சாண் கீழே நின்றது.

"இது சரிவராது தம்பி."

"ஏன் அத்தான்? கொப்பியைப் பாருங்கோ, எல்லாம் பொருந்துது."

"நீர் வண்டியை அளந்தனீர். கொக்காவை அளக்கேல்லை."

அந்த நாடாவுக்கு மேல் அக்காவால் காலைத் தூக்க ஏலாது. வயிற்றில் இரண்டு லீற்றர் திரவம் இருக்கிறது. கரவன் வாசலுக்கு அத்தான் இரு பக்கமும் கைபிடி வைத்த அகலமான படி செய்திருந்தார். ஆனால் ஓடும்போது கரவனுக்குள் ஆள் இருக்கக் கூடாது, அக்கா முன் வண்டியில்தான் வர வேண்டும். வழியோரச் சரிவுகளில் முக்காலி வைத்து ஏறுவதற்கு, ஒருமுறை விழுந்தவர், ஒத்துக்கொள்ள மாட்டார். தூக்கி ஏற்றவும் விடமாட்டார். "நான் என்ன அரிசி மூட்டையே?" என்பார்.

கடைசியில் பின்புறம் நீண்ட, தாழ்ந்த எஸ்டேட் கார் ஒன்றை வாங்கினோம். நாடாவுக்கு இரண்டு சென்ரிமீற்றர் கீழே அதன் வாசல். ஆனால் எடை குறைந்த வண்டி. எண்பத்தைந்து வீதக் கணக்கின்படி கரவனுக்குள் நூற்றிருபத்தைந்து கிலோவுக்கு மேல் ஏற்ற முடியாது. எரிவாயு சிலிண்டர், பற்றரி, முன்கூடாரம், படுக்கை, பாத்திரங்கள் எல்லாம் போக முப்பது மிஞ்சியது. மூன்று நாளைக்கான திரவப் பெட்டிகளின் எடை இருபத்தெட்டு. சக்கர நாற்காலியோடு காரின் பின்புறம் நிறைந்துவிட்டது.

இங்கேதான் சிக்கல். எங்கள் தேவாலயப் பங்கில், திருவிழாச் சமையலுக்கான பெரிய கிடாரத்தையும் இரண்டு மூட்டை அரிசியையும் வருடாவருடம் தன் வானில் கொண்டுபோய்வந்தவர் அத்தான். அந்த வான் அதற்கு முந்தைய குளிரில் பழுதாகிவிட்டது. கரவன் வாங்கிய செய்தி பரவியதும், கிடாரம் இன்னும் வசதியாகப் போகும் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். மண்டபக் கூட்டத்தில் அத்தான் எழுந்து, "இந்த முறை என்னாலை ஏலாது" என்றார். யாருக்கும் எதற்கும் மாட்டேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"கரவன் வந்தோடனை அண்ணை பெரிய ஆளாகிட்டார்" என்று சமையலுக்குப் பொறுப்பான பெண் சொன்னார். சிரிப்பு எழுந்தது.

"ஓம் பிள்ளை, ஆகிட்டன்" என்று அத்தானும் சிரித்தபடி உட்கார்ந்தார்.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் குழாய் விடயம் பங்கில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று அக்கா கேட்டிருந்தார். மூட்டு வலி என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். அன்றைய நாட்குறிப்பில் பெட்டிகளின் எடையை மட்டும் எழுதியிருக்கிறேன்.

திருவிழாவன்று மதியம், கரவனுக்குள் அக்கா திரவம் மாற்றி முடிக்க, நான் வெற்றுப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அதே பெண்ணின் குரல். "ஒரு கிடாரம் ஏத்தினா உது முறிஞ்சு போகுமே? மூண்டு சின்னச் சட்டியிலை காய்ச்சி என்ரை கை போச்சு." அத்தான் படியின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தது திரைக்குள்ளால் தெரிந்தது.

அக்கா எழுந்தார். நான் தடுப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார். "பிள்ளை, உள்ளை வா. உன்ரை கிடாரம் எங்கை இருக்குதெண்டு காட்டுறன்."

அந்தப் பெண் வந்து, கட்டிலுக்குக் கீழே அடுக்கியிருந்த பெட்டிகளையும் என் கையிலிருந்த பைகளையும் பார்த்தார். "அண்ணை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். "அவர் சொல்ல மாட்டார்" என்றார் அக்கா. "நான் வேண்டாமெண்டனான்." சற்று நேரத்தில் அந்தப் பெண் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து, முதலில் அத்தானிடம்தான் நீட்டினார். அடுத்த வருடத்திலிருந்து கிடாரம் அவருடைய கணவரின் வானில் போகிறது.

போன மார்கழியில் அத்தான் போய்விட்டார். நோயாளியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த நாங்கள் யாரும் அவருடைய இதயத்தைப் பற்றி யோசித்திருக்கவில்லை. அந்த எஸ்டேட் காரும் இந்த வருடச் சோதனையில் தேறவில்லை. கரவனை இப்போது நான் இழுக்க வேண்டும்.

சென்ற சனிக்கிழமை இல்ஃபோர்டில் ஒரு வண்டி பார்த்தோம். நான் பழக்கத்தில் கொப்பியைத் திறந்தேன். சக்கர நாற்காலியிலிருந்து அக்கா தடியை நீட்டினார். "அதை மூடடா. முதல் இதை வை."

வைத்தேன். வாசல் சரியாக நாடாவில் நின்றது. சந்தோசத்தோடு திரும்பிப் பார்த்தேன். அக்கா இல்லையென்று தலையை ஆட்டினார். இப்போது அவ்வளவு உயரம் முடியாதாம். வீட்டுக்கு வந்து, அவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்து, கால் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்தேன். முப்பத்துநான்கு. தடியில் அந்த உயரத்தில் புதிய நாடாவைச் சுற்றினேன். அத்தான் சுற்றியதை அகற்றவில்லை.