கலைத்துப் பார்க்கச் சொன்னவள்

நம் தீவின் சாத்தம் படகுத்துறையில் நின்றிருந்தபோது மெயின்லேண்டிலிருந்து அக்காவின் போன் வந்தது. "போயிட்டாடா" என்றாள். என் படகு வந்தது, போனது. வங்கக் கடலையே வாயால் குடித்து வற்றவைக்கும் புளுகன் நான். இதுவும் ஒரு புளுகாக இருக்கட்டும் என்று அங்கேயே நின்றேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் அவள் ரேவதி மேடம், இங்கே கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். எனக்கு அக்கா மகள். எங்கள் வம்சத்தில் மூளை என்ற உறுப்பு முதன்முதலாகத் தென்பட்டது அவளிடம்தான்.

அவள் ஆராய்ந்ததும் அதைத்தான். மெயின்லேண்டில் அவளுடைய நண்பர்கள் எலியின் நரம்பணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றின் மின்துடிப்புகளைப் பதிவு செய்வார்கள். இங்கே நெட் நத்தையாக ஊர்ந்த காலம். பதிவுகள் ஹார்ட் டிஸ்க்கில் கப்பலேறி வரும். ஒருமுறை நான் கொண்டுவந்தேன்.

"ஒரு கோடி மூளைய மடியில கட்டிட்டு வந்திருக்கேன். புயலே பயந்து வழிவிட்டுச்சு!"

"அரே மாமா, அதுல ஒண்ண நீங்க எடுத்து வச்சிருக்கலாம்ல?"

அந்தத் துடிப்புகளில் அவள் தேடியது இதுதான்: இந்த நரம்பணு துடித்ததை அறிந்தால், அந்த அணு எப்போது துடிக்கும் என்ற நம் அறியாமை எவ்வளவு குறைகிறது? அப்படிக் குறைந்த அறியாமையின் அளவுதான் தகவல். இரண்டு அணுக்கள் பேசிக்கொள்வதாகக் கணக்கு காட்டியதும் நான் லட்டு வாங்கி, வடகோடித் திக்லிபூர்வரை தண்டோரா போட்டேன். அவள் லட்டைத் தொடவில்லை. ஓர் அணுவின் துடிப்பு நேரங்களைச் சீட்டுக்கட்டைப்போலக் கலைத்து மறுபடி கணக்கிட்டாள். அதே அளவு வந்தது.

"கலைச்ச பிறகும் அதே வந்தா அது பேச்சில்ல மாமா, தற்செயல். பதிவு கொஞ்சமா இருந்தா, இல்லாத தகவலையும் கணக்கு காட்டும். அப்பதான் நமக்கு ஆசை ஜாஸ்தி."

மாதக்கணக்கான உழைப்பை அன்றே தூக்கிப் போட்டாள்.

போன மாதம் அவளுக்கு மூளையில் ரத்தக்கசிவு. சென்னை மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடந்தாள். "நீ பேசுனா விரல் அசையுதுடா, அவளுக்குக் கேக்குது" என்றாள் அக்கா. கப்பலைத் திமிங்கிலம் விழுங்கி ஹட் பே துறைமுகத்தில் துப்பிய கதையைச் சொன்னேன். விரல் அசைந்தது. எனக்கு உயிர் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ரேவதி சொன்ன, கலைத்துப் பார்க்கும் பாழாய்ப்போன சோதனை நினைவுக்கு வந்தது. 'பேசு', 'பேசாதே' என்று சீட்டு எழுதிக் குலுக்கி, வந்தபடி செய்தேன். அக்கா விரலையே பார்த்திருந்தாள். நான் வாய் மூடியிருந்தபோதும் விரல் அதே அளவு அசைந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"கேக்கலன்னா நீ எந்திரிச்சுப் போடா. நான் பேசணும்."

நான் தீவுக்குத் திரும்பிய பிறகும் அக்கா கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தாளாம்.

ரேவதியிடம் படித்தவர்களே, அவளுடைய அறிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிஞ்சியது அந்தச் சோதனை ஒன்றுதான். அதை அறியாமல் இருந்திருந்தால், என் திமிங்கிலத்துக்கு அவள் உள்ளுக்குள் சிரித்தாள் என்று சாகும்வரை நம்பியிருப்பேன்.