பெல்லு மச்சானுக்குத் தரவேண்டிய நாலாயிரம்

என் மனைவியின் அண்ணனுக்கு நான் நாலாயிரம் கடன்பட்டிருந்தேன். முதல் வெல்டிங் மெஷின் அந்தப் பணத்தில் வந்ததுதான். இன்று எனக்கு மூன்று பட்டறைகள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இந்த ஊரில் பாதிப் பேர் நான் அடித்த கேட்டைத் திறந்துதான் அவரவர் வீட்டுக்குள் போகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மச்சான் வேறு ரகம். பிஸ்கட் கம்பெனியில் டப்பா அடுக்கும் வேலை. மாலை பெல் அடித்தால் கையில் இருக்கும் டப்பாவை அப்படியே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிவிடுவார். அதனால் பெயரே பெல்லு. சூப்பர்வைசர் பதவி தேடி வந்தபோதும், "பெல்லுக்கப்புறமும் நிக்கணுமாமே" என்று வேண்டாமென்றுவிட்டார். நானாக இருந்தால் கம்பெனியையே வாங்கியிருப்பேன்.

ஞாயிறுதோறும் வருவார். தெருவுக்கே கேட்கும்படி, "மாப்ளே! கடன் குடுத்தவன் வந்திருக்கேன், வெளிய வாங்க!" என்று வாசலில் கத்துவார். உள்ளே வந்தால் டீ, ரம்மி, ஓயாத சிரிப்பு. பணத்தை எடுத்து நீட்டினால், "அது கெடக்கட்டும், சீட்டைக் கலைங்க" என்பார்.

ஒரு ஞாயிறு, பெரிய பில்டர் ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்து நூறு கேட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் மச்சான் குரல். பில்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விடுவேனா? மறுநாளே வட்டியும் சேர்த்துக் கவரில் போட்டுக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். ஆர்டரும் கிடைத்தது.

மச்சான்தான் வருவதை நிறுத்திவிட்டார்.

"எங்கடி உங்கண்ணனக் காணோம்?"

"கடனத்தான் அடைச்சிட்டீங்களே. இனி என்ன சாக்குச் சொல்லி வருவாரு? சும்மா வந்து உக்காந்தா உங்க யாவாரம் கெட்டுடும்னு பயம்."

போன் போட்டேன். "உங்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும் மாப்ளே" என்று வைத்துவிட்டார்.

சரி, ரம்மிக்கு ஆளா இல்லை? பட்டறை ஆட்களை வரவழைத்தேன். எல்லா ஆட்டமும் நானே ஜெயித்தேன். திறமைதான். ஆனால் ஒருத்தன் ஜோக்கரைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றதைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. சம்பளம் வாங்குகிறவன் முதலாளியை ஜெயிப்பானா? மச்சானாக இருந்தால் என் சீட்டை எட்டிப் பார்த்தாவது ஜெயித்திருப்பார்.

எனக்கு மூளை வேகமாக ஓடும். மறுநாள் மாலை பிஸ்கட் கம்பெனி வாசலில் போய் நின்றேன். பெல் அடித்ததும் முதல் ஆளாக வெளியே வந்தார்.

"என்ன மாப்ளே, யாவார நேரத்துல இங்க?"

"அவசரமா ஒரு நாலாயிரம் வேணும் மச்சான்."

என் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்களுக்கா?"

"எனக்குத்தான். இருக்கா, இல்லையா?"

"எப்பத் திருப்பித் தருவீங்க?"

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து கேளுங்க. வாசல்ல நின்னு நல்லா சத்தமாக் கேளுங்க. உள்ள எவன் உக்காந்திருந்தாலும் சரி."

மச்சானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாப்பாட்டுப் பையில் கைவிட்டு, நான் அனுப்பிய அதே கவரை எடுத்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"உங்க மூஞ்சில எறியணும்னு கூடவே வெச்சிருந்தேன். இன்னொரு தடவை கவர் கிவர்னு அனுப்பினீங்க, தொலைச்சிடுவேன்."

கவரைக் கிழித்து, வட்டியைத் தனியே எடுத்து என் சட்டைப் பையில் திணித்தார். நான் கையை விரித்து நீட்டினேன். நூறு கேட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியபோதுகூட அவ்வளவு அகலமாக விரித்ததில்லை. விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, நாலாயிரத்தையும் என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.