சென்சார் போட்ட பெருக்கல் குறி

1991 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிப் பூசைக்குப் போய்வந்தோம். எட்டு மணிக்கு இட்லி. ஒன்பது மணிக்கு அப்பா சைக்கிளுக்கு எண்ணெய் விட்டார். பத்து மணிக்கு மாமாவைப் பார்க்க, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் வருவதாக இருந்தது. அதனால் காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டு வாசல் அன்று இரண்டு முறை கழுவப்பட்டது.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார், டவுனில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். ஜூலை முதல் தேதியிலிருந்து அவர் ரோமானியராக வாழ்ந்துகொண்டிருந்தார். யாரோ கொடுத்த பழைய பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் ரோமானியர்களின் குணங்களைப் படித்துவிட்டு, ஒரு நோட்டில் நாளுக்கு நான்கு கட்டங்கள் போட்டார்: கண்ணியம், வாய்மை, விடாமுயற்சி, நிதானம். ஐந்து மணிக்கு எழுந்து கிணற்றடியில் குளிப்பார். ரோமில் மக்களின் ஒழுக்கத்தைக் கண்காணிக்க சென்சார் என்று ஓர் அதிகாரி உண்டாம். ஒன்பது வயதான என்னை அந்தப் பதவியில் அமர்த்தினார். தினமும் மாலையில் நான் கேட்பேன், அவர் உள்ளதைச் சொல்வார், நான் பென்சிலால் சரியோ பெருக்கல் குறியோ போடுவேன்.

"ரோமாபுரிக்காரங்க படுத்துக்கிட்டேதான் சாப்பிடுவாங்களாமே, உனக்கும் பாய் போடட்டுமாடா?" என்பாள் அம்மா. ஆனாலும் கல்யாணத்துக்காகத் திருந்துகிறான் என்று அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காரைக்கால் மாப்பிள்ளை என்றால் வெளியூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது ஒன்றைத்தான். மதுக்கடையைத் தாண்டாமல் எங்கள் ஊரில் மருந்துக்கடைக்கும் போக முடியாது. பெண்ணின் அப்பா காபியைக் கையில் வாங்கியதும் கேட்டார்: "தம்பிக்கு அந்தப் பழக்கம் ஏதும்..."

"ஐயோ, அந்த வாசனையே ஆகாதுங்க," என்றாள் அம்மா.

வாய்மை என் இலாகா. உள்ளே ஓடி நோட்டை எடுத்துவந்து பெருமையாகச் சொன்னேன்: "நாப்பத்தொரு நாள்ல ஒரே ஒரு நாள்தாங்க மாமா குடிச்சாங்க. ஜூலை இருபத்தாறு, வெள்ளிக்கிழமை. நிதானத்துல பெருக்கல் போட்டுட்டேன்."

பெண்ணின் அப்பா பக்கங்களைப் புரட்டினார். "அதுக்கு முன்னாடி?"

"அப்ப நோட்டு இல்லைங்க."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். "பாப்பா சொல்றது சரிதாங்க," என்றார் அவர்.

காபி பாதியில் நின்றது. மூன்று மணிக்குத் தரகர் வந்து, இடம் சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார். "உன்னை யாருடி கேட்டா?" என்று அம்மா என் காதைத் திருகினாள். மாமா சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போனார். எங்கே போயிருப்பார் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. தெருமுனையைப் பார்த்தபடி நின்றாள். நான் நோட்டைத் திறந்து அந்தப் பெருக்கல் குறியை ரப்பரால் அழித்துவிட்டு, சரி போட்டுவைத்தேன். மாமாவுக்கு என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

ஆறரைக்கு அவர் திரும்பினார். அம்மா பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். கடற்கரைக்குப் போயிருக்கிறார், உப்புக்காற்று வாடைதான். அன்று நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போக எனக்குத் துணிவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணி. குளிக்கப் போகுமுன் மாமா நோட்டை எடுத்து, ஜூலை இருபத்தாறில் நான் போட்ட சரியை அடித்துவிட்டு, பேனாவால் பெருக்கல் குறி போட்டார். பிறகு என்னை எழுப்பி நோட்டை நீட்டினார்.

"சென்சார், நேத்து ஒண்ணும் போடாம விட்டுட்டீங்களே."

பெண் வீட்டார்தான் வேண்டாமென்று போய்விட்டார்களே, இனி இதை யாருக்குக் காட்டப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தூக்கக் கலக்கத்தோடு பென்சிலைத் தேடினேன்.