பொகவந்தலாவை ஏற்றமும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தபோது, தினமும் கொஞ்ச தூரம் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். தலவாக்கலை பஜாரில் இருக்கிற எங்கள் துணிக்கடையிலிருந்து ரயில் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினாலே போதும். பக்கத்தில் உட்கார்ந்து நானும்தான் கேட்டேன். ஆனால் இவர் காதில் என்ன விழுந்ததோ தெரியாது. கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து கியர் வைத்த இரண்டு சைக்கிள்கள் ஒரு லாரியில் வந்து கடை வாசலில் இறங்கின. ஒன்று இவருக்கு. மற்றது யாருக்கு என்று கேட்டேன்.

"ஒனக்குத்தான். நான் தனியா போயி எங்கயாச்சும் விழுந்து கெடந்தா யாரு தூக்குறது?"

சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளை ஓட்டிப் பழகியவள் நான். அதை எந்தக் காலத்திலோ இவரிடம் வாய் தவறிச் சொல்லியிருந்தேன்.

சாயங்காலங்களில் லிந்துலை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். அத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இரண்டு நாள் பயணம் போகிறோம் என்றார். முதல் நாள் ஹட்டன் வழியாகப் பொகவந்தலாவை. அங்கே அவருடைய அக்கா வீட்டில் தங்கல். மறுநாள் காட்டு ரோட்டில் ஏறி மலையைத் தாண்டிப் பலாங்கொடைப் பக்கம் இறங்குவது. அங்கிருந்து வேன் பிடித்துத் திரும்புவது.

"காட்டுக்குள்ள எதுக்குங்க?" என்றேன்.

"காத்து நல்லா இருக்கும்."

தலவாக்கலையில் காற்றுக்கு என்ன குறை என்று கேட்டேன். இவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

முதல் நாள் பயணத்தில் என்னைக் களைப்பாக்கியது ஏற்றமல்ல, கேள்விகள்தான். நம் ஊரில் எங்களைப் போல வயதான புருஷன் பெண்சாதி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனால், அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். கொழுந்துக் கூடையோடு ரோட்டோரம் நின்ற பெண்கள், "பஸ் வரலீங்களா?" என்று கேட்டார்கள். எதிரே வந்த வேன்காரர் வேகத்தைக் குறைத்து, எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டு, சொன்னதும் சிரித்துவிட்டுப் போனார். ஹட்டனில் எங்களுக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "யாவாரத்துல ஏதும் கஷ்டமாம்மா? வேன வித்துட்டாரா?" என்று விசாரித்தார். இல்லை, உடம்புக்கு நல்லதென்று ஓட்டுகிறோம் என்றேன். அவர் நம்பவில்லை. இப்போது ஹட்டன் முழுக்க என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அக்கா வீட்டில் தூங்கி எழுந்தபோது எனக்கு உட்காரவே முடியவில்லை. இவர் சட்டைக்குள் காற்று வாங்கிக்கொண்டு உற்சாகமாக நின்றார். அக்கா தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டச்சம்பலும் அரைத்து வைத்திருந்தார். இவர் ஒன்றைப் பிய்த்துப் பாதியைத் தின்றுவிட்டுச் சீனி வருத்தத்துக் குளிசையைப் போட்டுக்கொண்டார்.

"குளிசை போட்டா ஒழுங்கா சாப்புடணும்னு சொல்லியிருக்காங்க" என்றேன்.

"வயித்துல பாரம் இருந்தா ஏத்தத்துல மிதிக்க ஏலாது. கட்டிக் குடு, மேல போயி சாப்புடலாம்."

அக்கா மிச்ச ரொட்டியைக் கட்டி இவருடைய சைக்கிள் பையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சின்னதுலருந்தே இவன் சொல்பேச்சு கேக்க மாட்டான். நீதான் பாத்துக்கணும்." இவ்வளவு வருஷமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவர் நினைத்தாரோ.

ஊரைத் தாண்டியதும் இவர் பெரிய ரோட்டை விட்டுவிட்டுத் தோட்ட ரோட்டில் திரும்பச் சொன்னார். குறுக்கு வழியாம், போனில் காட்டுகிறதாம். கல் பெயர்ந்து கிடந்த ரோட்டில் தள்ளிக்கொண்டே ஏறினோம். அது ஒரு தேயிலை மலையின் நடுவில் போய் நின்றது. அங்கே கொழுந்து எடுக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்ற கங்காணி எங்களிடம் வந்தார்.

"இந்தப் பக்கம் ரோடு இல்லீங்க. இதோட முடிஞ்சிச்சு."

"போன்ல காட்டுதே" என்றார் இவர்.

"போன்ல காட்டும்ங்க. ரோடு இல்லீங்க."

இவர் போனை அவரிடம் நீட்டினார். அவரும் மரியாதைக்கு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டேன். வந்த பாதை முழுவதும் திரும்ப வந்து, பெரிய ரோட்டைப் பிடித்து, மறுபடி ஏறினோம்.

தேயிலை முடிந்து காடு ஆரம்பிக்கிற இடத்தில் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற ஒரு லயம் இருக்கிறது. அதைத் தாண்டியதும் பனி இறங்கியது. முன்னால் போகிற இவருடைய முதுகுகூடச் சரியாகத் தெரியவில்லை. தூறல் வேறு. நின்றால் அட்டை ஏறுகிறது, மிதித்தால் மூச்சு வாங்குகிறது. என் கெண்டைக்காலிலிருந்து அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். உச்சியில்தான் சாப்பாடு என்றார். அப்படியென்றால் திரும்பிப் போகலாம் என்றேன்.

"இதுக்குத்தான் ஒன்னைய கூட்டிட்டு வரவே யோசிச்சேன்" என்றார்.

அந்த நேரம் பின்னாலிருந்து கொழுந்து லாரி ஒன்று வெறுமையாக ஏறி வந்தது. காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலைகளில் கொழுந்து ஏற்றப் போகிறது. டிரைவர் நிறுத்தினார்.

"ஏறிக்கிறீங்களா? அந்தப் பக்கம் கடைச் சந்தியில எறக்கி விடுறேன்."

இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் சைக்கிளைத் தூக்கி டிரைவரிடம் கொடுத்தேன். "போறவ போ" என்றார். போனேன். சாப்பாட்டுப் பை அவரிடம்தான் இருக்கிறது, பசித்தால் சாப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

லாரி உச்சியைத் தாண்டி அந்தப் பக்க இறக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையருகே என்னை இறக்கிவிட்டது. கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். தேத்தண்ணி குடித்தேன், பனிஸ் தின்றேன். இவர் வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்தேன். சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துபோயும் இவர் வரவில்லை. போன் எடுத்தேன், காட்டுக்குள் சிக்னல் இல்லை. கடைக்காரர், "சில நேரம் சிறுத்தப் புலி ரோட்டைக் கடக்கும்ங்க, ஆனா பகல்ல ஒண்ணும் செய்யாதுங்க" என்று ஆறுதல் சொன்னார்.

அதன் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. சைக்கிளில் ஏறி, வந்த ரோட்டிலேயே திரும்பினேன். அந்த ஏற்றத்தை எப்படி மிதித்தேன் என்று எனக்கே தெரியாது. கெட்ட கோபம். அதற்குள்ளே ஒரு பயம். கோபத்தில் ஒரு மிதி, பயத்தில் ஒரு மிதி என்று போய்க்கொண்டே இருந்தேன். உச்சிக்கு வந்து நின்றபோதுதான் ஒரு இடத்திலும் இறங்கவில்லை என்பது உறைத்தது. சுற்றிலும் பனி. பார்க்க ஒரு ஆள் இல்லை.

இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் ரோட்டோரத் தண்ணிக் கான் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். காடு முடிகிற அந்த லயத்துச் சுவரில் இவருடைய சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. இறங்கி ஓடினேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், தோளில் யாருடையதோ ஒரு துவாயோடு, கையில் பெரிய கோப்பையை வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அதில் ஒரு சந்தோஷம்.

அந்த வீட்டு அம்மா விஷயத்தைச் சொன்னார். "வெறகுக்குப் போயிட்டு வாரப்ப பாத்தமுங்க. ஐயா மதகு மேல உக்காந்திருந்தாரு. கையெல்லாம் நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. சாப்புட்டீங்களான்னு கேட்டா பேச முடியல. மெதுவா புடிச்சுக் கூட்டியாந்து, நல்லா சீனி போட்டு பிளேன்டீ குடுத்தேன்."

குளிசை போட்ட வெறும் வயிற்றில் சீனி இறங்கிப்போயிருக்கிறது. நான் இவரைப் பார்த்தேன். "ரொட்டி எங்க?"

"ஒரு நாய் பின்னாலயே வந்துச்சு" என்றார். "பாவமா இருந்துச்சு."

"அவ்வளவுமா?"

"பெரிய நாய்."

எனக்கு அழுகை முட்டியது. அழுதால் இவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று வாசல் படியில் உட்கார்ந்து அட்டை பிடுங்கினேன். அந்த அம்மா எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்தார். அவித்த கிழங்கும் வைத்தார். இவர் கிழங்கைத் தின்றுகொண்டே, "டீயில சீனி போட்டுக் குடிச்சு எவ்வளவு காலமாச்சு" என்றார். பிறகு அந்த அம்மாவிடம், "இன்னொரு கோப்பை கெடைக்குமாம்மா?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குப் பலாங்கொடை இல்லை என்பது எங்களுக்குள் பேசாமலேயே முடிவானது. கொழுந்து ஏற்றிக்கொண்டு திரும்பிய அதே லாரி நின்றது. டிரைவர் சைக்கிள்களைக் கொழுந்துச் சாக்குகளுக்கு மேலே கட்டி, எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டார். இவருக்கு நிறம் திரும்பிவிட்டது. காட்டுக் காற்று எப்படி இருந்தது என்று டிரைவரிடம் கதை சொல்ல ஆரம்பித்தார்.

"நான் கடைச் சந்தியிலருந்து உச்சி வரைக்கும் எறங்காம மிதிச்சு வந்தேன்" என்றேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். "அந்த ஏத்தத்தையா?"

"ஆமா."

"சும்மா சொல்லாத. பாதி தள்ளிக்கிட்டுதான் வந்திருப்ப."

டிரைவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரொம்ப செங்குத்துங்கம்மா அது. நம்ம லாரியே மொத கியர்லதான் ஏறும்" என்றார்.

"கேட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

பொகவந்தலாவை வரும் வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போதும் வீட்டுக்கு யாராவது வந்தால் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்கிறார். காடு, பனி, புலி எல்லாம் வருகிறது. நான் உச்சி வரை மிதித்த கதை வரும்போது மட்டும், "கொஞ்ச தூரம் தள்ளினா" என்று சேர்த்துக்கொள்கிறார். நான் அடுக்களையிலிருந்தே இல்லை என்று சத்தம் கொடுக்கிறேன். வந்தவர்கள் சிரிக்கிறார்கள்.