தாலி கட்டும் படம் இல்லாத ஆல்பம்

ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நாம் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே சுவரில் அந்த வீட்டுக் கல்யாணப் படம் கண்ணில் படும். வெள்ளை உடுப்பில் பெண், கறுப்புக் கோட்டில் மாப்பிள்ளை, இருவரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டுச் சுவரிலும் கல்யாணப் படம் இருக்கிறது. ஆனால் அதில் பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. வெள்ளைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் கதவோரம் எக்கி நின்று, வலது கையை உயர்த்தி எதையோ வீசிக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டுப் பெண்மணி ஃப்ராவ் பெக்கர் முதல்முறை வந்தபோது, இதுதான் எங்கள் கல்யாணப் படம் என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “நீ எங்கே?” என்றார். “கேமராவுக்குப் பின்னால் இருந்தேன்.” “அப்படியானால் படம் எடுத்தது நீயா?” “இல்லை, எனக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள்.” என் ஜெர்மனில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு அவர் கேக்கை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

போன கிறிஸ்துமஸுக்கு முன் அவர் ஒரு ‘க்ரான்ஸ்’ கொண்டுவந்தார். காய்ந்த பூக்களை வளையமாகக் கட்டியது. கதவிலும் மேசையிலும் அழகுக்கு வைப்பார்கள். நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால், அந்த வளையம் சுவரில் இருந்த அந்தக் கல்யாணப் படத்தை, என் அம்மா படத்தைச் சுற்றித் தொங்குகிறது! காபியைக் கீழே வைத்தேனா கொட்டினேனா தெரியாது, பாய்ந்துபோய் அதைப் பிடுங்கினேன். “அம்மா உயிரோடு இருக்கிறாள்!” என்று கத்தியும்விட்டேன். ஃப்ராவ் பெக்கர் பயந்துபோய், “தெரியுமே. உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே பூ கொடுப்பார்கள்?” என்றார். செத்தவர்கள் படத்துக்குத்தான் எங்கள் ஊரில் மாலை போடுவோம் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் புரியவைத்தேன். புரிந்ததும் அவர் முகம் சிறுத்துவிட்டது. க்ரான்ஸைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, படத்தில் இருந்த அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்.

அந்தப் படத்துக்காக நான் பட்ட பாடு அவருக்குத் தெரிய நியாயமில்லை. எங்களுக்குத் திருவண்ணாமலை, சின்னக்கடைத் தெரு பக்கம். எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். கொஞ்ச நாள் லீவில் வந்து, தாலி கட்டி, கையோடு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அப்பா இல்லை. மண்டியில் வேலை பார்த்த அண்ணன்தான் எல்லாப் பொறுப்பும். சமையல், மேளம், சத்திரம் எதிலும் நான் வாயைத் திறக்கவில்லை. போட்டோக்காரரை மட்டும் நான்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். “கல்யாணப் பொண்ணு கடை கடையா ஏறி எறங்குவாளா?” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

காரணம் அவனுக்கும் தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம். எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கும்வரை ஒருவரைப் படம் எடுக்காவிட்டாலும், இறந்ததும் முதலில் போட்டோக்காரருக்குத்தான் ஆள் போகும். நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றிலும் குடும்பத்தை நிற்கவைத்து ஒரு படம் எடுப்பார்கள். அப்பாவை அப்படி எடுத்த படத்தில் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பெரிய பொட்டு, தலைகொள்ளாத பூ, கடைசியாக ஒருமுறை வைத்துவிட்டது. முகம் அழுது அழுது வீங்கி, அது என் அம்மா மாதிரியே இருக்காது. கடல் தாண்டிப் போகிறவள் அந்தப் படத்தையா பெட்டியில் வைத்துக்கொண்டு போவது? ஸ்டுடியோவுக்கு வாம்மா என்றால், “எனக்கு எதுக்குடி போட்டோவு, நான் இன்னா சினிமா ஸ்டாரா?” என்பாள். கல்யாணத்தில் எடுக்கலாம் என்றால், தாலி இழந்தவள் மணவறைப் பக்கம் வரக்கூடாது. மகள் கல்யாணம்தான், ஆனாலும் முகூர்த்த நேரத்தில் அவள் இடம் சாமான் அறை. அந்த அறைக்குள் திரும்பிப் பார்க்கிற போட்டோக்காரர் எனக்கு வேண்டும்.

முதலில் பெரிய தெரு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஊரில் பணம் உள்ளவர்கள் கல்யாணம் எல்லாம் அவர்தான். ஆல்பத்தைப் பிரித்துக் காட்டினார். கறுத்த பெண்கள் எல்லாரும் அதில் பால் நிறத்தில் இருந்தார்கள். டச்சப் செய்வதில் மனிதர் அப்படி ஒரு கைகாரர். நான் தயங்கித் தயங்கி அம்மா விஷயத்தைச் சொன்னேன். ஆல்பத்தை மூடிவிட்டார். “அது சரியா வராதுங்க. ரோலுக்குப் பன்னெண்டு படந்தான். மாப்ள வீட்டு ஜனங்களை எடுக்கவே கம்மியாப் போவும். நாளைக்கு ஆல்பத்துல மொதல் பக்கத்துல வெள்ளைப் புடவை இருந்தா, என்னைத்தான் ஏசுவாங்க.” அவர் மேல் கோபம் வரவில்லை. ஊர் நினைப்பதை அவர் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்து, மாப்பிள்ளை எழுதியிருந்த யோசனை. ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் கலரில் படம் எடுப்பாராம், காசும் வாங்கமாட்டாராம். அண்ணனோடு போனேன். லுங்கி கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தவர், அம்மாவைப் பார்த்ததும் குழந்தை மாதிரி துள்ளினார். கருஞ்சுவருக்கு முன்னால் அம்மா தனியாக உட்கார வேண்டும், பொட்டில்லாத நெற்றியில் வெளிச்சம் விழ வேண்டும், சிரிக்கக் கூடாது என்றார். அண்ணன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினான். அம்மா உள்ளே போய்விட்டாள். பெரிய தெருக்காரர் அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்க்கவே மாட்டேன் என்றார். இவர் அதை மட்டுமே பார்த்தார். அந்த நெற்றிக்குக் கீழே என் அம்மா என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளை யார் எடுப்பார்கள்? அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மிச்சம் இருந்தவர் ஜினதாஸ் நயினார். ஊருக்கு வெளியே ஒரு கிராமத்துச் சமணக் குடும்பம். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் படம் எடுப்பார். மற்றபடி எழவு வீட்டுப் படம். அப்பாவை எடுத்தவரும் அவர்தான். நல்ல காரியத்துக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. தெருவில் எதிரே வந்தால்கூடச் சிலர் ஒரு நிமிஷம் நின்று போவார்கள். நான் போய் நின்றதும் அவர் பதறி எழுந்தார்.

“யாரும்மா தவறிட்டாங்க?”

“யாரும் இல்லைங்க. எனக்குக் கல்யாணம்.”

“பாஸ்போர்ட்டுக்கா?”

“கல்யாணத்துக்குத்தாங்க. நீங்கதான் வரணும்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். “உங்கம்மாவை எனக்கு ஞாபகம் இருக்குதும்மா. அன்னிக்கு அவ்ளோ அழுகையிலயும் எனக்கு மோர் குடுக்கச் சொன்னவங்க” என்றார். பிறகு கேமராவைத் துடைத்துக்கொண்டே, “உங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்க, வேணாம்” என்றார்.

அப்படியே நடந்தது. அண்ணன் வீட்டையே இரண்டாக்கிவிட்டான். “எழவுக்குப் போற கேமராவைக் கொண்டாந்து மணவறையில வெக்கணுமா? மாப்ள வீட்ல தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும்! உனக்கு இன்னா பைத்தியம் புடிச்சிருக்குதா?” நானும் விடவில்லை. அப்படியானால் போட்டோவே வேண்டாம் என்றேன். அதுவரை அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “அந்த நயினாரையே வரச் சொல்லுடா” என்றாள். “உங்கப்பாவைக் கடைசியாப் பார்த்தது அந்தக் கேமராவுதான். அது வந்தா அவரே கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும்.” அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கல்யாணத்தன்று ஜினதாஸ் வெளுத்த வேட்டி சட்டையில், நெற்றியில் சந்தனத்தோடு வந்தார். எல்லாரும் உறவுக்காரர் என்றே நினைத்திருப்பார்கள். மாலை மாற்றியதை எடுத்தார், பாத பூஜையை எடுத்தார், மாப்பிள்ளை வீட்டாரை வரிசையாக நிற்கவைத்து எடுத்தார். கெட்டிமேளம் கொட்டியது. நான் குனிந்திருந்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு படுகிறது, தலையில் அட்சதை விழுகிறது, பளிச்சென்று ஃபிளாஷ் மின்னுகிறது. ஆனால் வெளிச்சம் என் முகத்தில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஜினதாஸ் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்! அவருடைய ஃபிளாஷ் ஒருமுறை மின்னினால் மறுபடி தயாராக நேரம் பிடிக்கும். அது தயாரானபோது மூன்று முடிச்சும் விழுந்திருந்தது.

படம் கழுவி வந்ததும் அண்ணன் ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். “தாலி கட்டுற படம் எங்கப்பா?” என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டேவிட்டார். அண்ணன் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறான். “தாலி கட்டும்போது ஊரே பொண்ணைப் பார்த்துச்சு. பெத்தவளை யாரும் பார்க்கலை. எனக்கு ஒரு ஃபிளாஷ்தான், நான் இன்னா பண்ணுவேன்?” என்றாராம் ஜினதாஸ். என் கணவர் மட்டும் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “தாலி கட்டியாச்சுன்னு நமக்குத் தெரியும், போதாதா?” என்றார். இந்த மனிதரோடு எந்த நாட்டிலும் இருந்துவிடலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தைரியம் வந்தது.

படத்தில், சாமான் அறைக் கதவோரம், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அம்மா எக்கி நிற்கிறாள். கையிலிருந்து கிளம்பிய அட்சதை அந்தரத்தில் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கிறது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவள் நின்ற இடத்திலிருந்து மணவறைக்கு அரிசி வந்து சேர்ந்திருக்காது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் டிரங்க் கால் வந்தது. மண்டி போனிலிருந்து அண்ணன் கத்தினான். அம்மா போய்விட்டாள், தூக்கத்திலேயே போய்விட்டாள், நான் வந்து சேரும்வரை வைத்திருக்க முடியாது. இரண்டு பேரும் அழுதோம், லைனில் இரைச்சலும் சேர்ந்து அழுதது. கடைசியில் அவன், “அம்மாவுக்கு மாலை போட வேற நல்ல போட்டோ இல்லைம்மா. ஜினதாஸ்கிட்ட நெகட்டிவ் இருக்குதாம். அதையே பெருசு பண்ணிக்கறேன், நீ வருத்தப்படாத” என்றான். எந்த ஆல்பத்தைப் பார்த்து அவன் சண்டை போட்டானோ, அதிலிருந்துதான் அம்மாவை எடுக்க வேண்டியிருந்தது. “அந்த அரிசியும் தெரியுற மாதிரி போடச் சொல்லுண்ணா” என்றேன். கேட்டதோ என்னவோ, லைன் அறுந்துவிட்டது.

செய்தி தெரிந்து ஃப்ராவ் பெக்கர் வந்தார். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். பைக்குள்ளிருந்து அதே க்ரான்ஸை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது போடலாமா என்று கேட்கிறார். அவர் சரியாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். பிழை சொல்ல முடியாது. ஆனால் நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அதை வாங்கிப் படத்துக்குக் கீழே மேசைமேல் வைத்தேன்.

ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்நேரம் அம்மா மாலைக்குள் இருப்பாள். பக்கத்தில் சின்ன பல்பு எரியும். அடுத்த முறை போகும்போது அங்கே நின்று நானும் கும்பிட்டுக்கொள்வேன். அதே நெகட்டிவிலிருந்து வந்தவள்தான் இங்கேயும் இருக்கிறாள். மாலை இல்லை, பொட்டும் இல்லை. கதவோரம் எக்கி நின்று, வந்து சேராத தூரத்துக்கு, என்னைப் பார்த்து அட்சதை போட்டுக்கொண்டே இருக்கிறாள்.