மீனுக்கு வாங்கிய மருந்து

எங்கள் வீட்டு வாசலருகே ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. முன்பு அது கீழ்வீட்டு டாக்டருடையது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் குடியிருப்பில் அவரை மாட்டு டாக்டர் என்றுதான் சொல்வோம். மாலையில் அக்கம்பக்கத்து நாய், பூனை, கிளி எல்லாம் அவர் வீட்டுக்கு வரும். காசு வாங்க மாட்டார். ஆனால் குணமானதும், "மிச்ச மாத்திரைய இதுல போட்டுட்டுப் போங்க" என்று இந்த பாட்டிலை நீட்டுவார். சாக்கடையில் கொட்டினால் காவிரிக்குத்தான் போகும், அதைத்தானே குடிக்கிறோம் என்பார். நிறைந்ததும் தான் வேலை பார்க்கும் கால்நடை ஆஸ்பத்திரிக் கழிவோடு எரிக்கக் கொண்டுபோவார். கொடுத்த பிரசாதத்தைத் திரும்பக் கேட்கிற மனுஷர் என்று என் கணவர் கேலி செய்வார்.

என் மகள் பத்தாவது படித்தபோது அவளுடைய தங்கமீனின் வால் அழுக ஆரம்பித்தது. டாக்டர் ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூல் எழுதித் தந்தார். தொட்டியில் போட்டால் அதிலுள்ள நல்ல கிருமிகளும் செத்துத் தண்ணீர் கெட்டுவிடும் என்று, மீனைத் தனி வாளியில் விடச் சொன்னார். அவள் தினமும் தண்ணீர் மாற்றி மருந்தைக் கரைத்தாள். வால் மெல்ல வளர்ந்தது. மிச்சத்தை பாட்டிலில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். மீனுக்கு மறுபடி வந்தால் வேண்டுமே என்று பென்சில் டப்பாவில் சிலதை ஒளித்து வைத்தது எனக்குத் தெரியாது.

ஒரு தேர்வுக்கு முந்தைய மாலை. தொண்டை வலி என்று படுத்திருந்தவள், உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணற என் முன்னால் வந்து நின்றாள். அவளை இழுத்துக்கொண்டு படியிறங்கி டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை.

"பாப்பா, மீன் மருந்து மிச்சம் வச்சிருந்தியா?"

தலையாட்டினாள்.

நீங்களே ஒரு ஊசி போடுங்கள் சார் என்று கெஞ்சினேன். "நான் மாட்டு டாக்டரும்மா. வண்டில ஏறுங்க" என்றார். காவிரிப் பாலத்தில் போகும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மருந்தின் பெயரைச் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊசி தயாராக இருந்தது. அந்த வகை மருந்தே அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அன்றுதான் தெரிந்தது. மீனுக்குச் சரியானதே, தன் தொண்டைக்கும் சரியாகும் என்று நினைத்து ஒன்றை விழுங்கினாளாம். டாக்டர் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஓய்வு பெற்று வையம்பட்டிக்குப் போனபோது பாட்டிலை எங்களிடம் விட்டுச் சென்றார். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் அவளுடைய பூனைக்குக் காதுப் புண் ஆறியது. பாட்டிலில் மாத்திரை விழும் சத்தம் சமையலறைக்குக் கேட்டது. ஈரக் கையோடு ஓடிவந்து அவள் உதட்டைப் பார்த்தேன்.

"பூனையோடதும்மா. எல்லாத்தையும் போட்டுட்டேன். வேணும்னா எண்ணிக்கோ."

எண்ணினேன்.